ஒன்பதாவது டேக்கைக் கேட்டது யார்?

திங்கட்கிழமை வேலையில் சேரப்போகும் ஆறு பேருக்கும் வணக்கம்.

நான் ஓய்வு பெறுகிறேன். வயது முப்பத்தொன்று. சிரிக்காதீர்கள். மதுபான மார்க்கெட்டிங்கில் எட்டு வருஷம் என்பது வங்கியில் முப்பது வருஷத்துக்குச் சமம் என்று நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை எனக்குச் சால்வைகூடப் போர்த்தப் போகிறார்களாம். அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பவர்களுக்கு, அவரவர் முகத்தைப் பார்த்து மூன்று வெவ்வேறு பதில் சொல்லி வருகிறேன். மூன்றுமே உண்மைதான், எதை முதலில் செய்வது என்பதுதான் தெரியவில்லை.

போவதற்குள் புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். இரண்டு பக்கம், புள்ளி வைத்த பட்டியல், அதுதான் அவர்கள் எதிர்பார்த்தது. எனக்குப் பட்டியல் வராது. கதை வரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சேர்ந்திருப்பது ஊரிலேயே வினோதமான வேலை. விளம்பரம் செய்யக் கூடாத பொருளுக்கு விளம்பரப் பிரிவு! பியரை நாளிதழில் போட முடியாது, சாலையில் பலகை வைக்க முடியாது, விற்கும் கடையோ அரசாங்கத்தினுடையது. அதனால் நாம் சோடா விற்பதாகச் சொல்வோம், கண்ணாடித் தம்ளர் விற்பதாகச் சொல்வோம், இசை நிகழ்ச்சி நடத்துவோம். எல்லாவற்றிலும் பெயர் மட்டும் பியரின் பெயராக இருக்கும். தி. நகரில் பட்டுப்புடவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கிறது நம் அலுவலகம். வாசல் பலகையில் எந்தச் சரக்கின் பெயரும் இருக்காது. முன்பு இருந்ததாம். கல்யாணப் புடவை எடுக்க வந்த குடும்பங்களில், புடவைத் தேர்வு மூன்றாவது மணி நேரத்தைத் தாண்டியதும், மாமாக்கள் ஒவ்வொருவராகப் படியேறி வந்து சாம்பிள் இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். பலகையை மாற்றிவிட்டார்கள்.

என் அம்மாவும் பலகையை மாற்றிவிட்டாள். மயிலாப்பூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பூசை முடிந்து யார் விசாரித்தாலும், "ஜூஸ் கம்பெனில இருக்கா" என்பாள். அப்பா பள்ளி ஆசிரியர், பொய் சொல்ல மாட்டார். "மார்க்கெட்டிங்" என்பார். எதன் மார்க்கெட்டிங் என்று கேட்பதற்குள் குடையை விரித்துவிடுவார்.

இனி வேலைக்கு வருகிறேன். சட்டப் பிரிவில் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தக் கட்டுரையிலேயே திருத்தம் போடுவார். நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் அவர் மேஜைக்குப் போய்ப் பாதியாகத் திரும்பி வரும். அதனால் எல்லோருக்கும் அவர் கத்தரி. கிழவர் என்று நினைத்துவிடாதீர்கள், என் வயதுதான். ஆனால் பிறக்கும்போதே மூக்குக்கண்ணாடியோடு பிறந்தவர் மாதிரி இருப்பார்.

சேர்ந்த முதல் வருஷம் நான் ஒரு அறிக்கை தயாரித்தேன். சென்னை ஜின்னுக்கு மாறிவிட்டது என்று. அடையாறில் நட்சத்திர ஓட்டல் பார்களில் மூன்று வாரம் உட்கார்ந்து கவனித்திருந்தேன். எலுமிச்சைப்புல் போட்ட ஜின், மிளகு போட்ட ஜின், நன்னாரி ஊற்றிய ஜின். பார்க்கப் பார்க்க எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நகரமே என் கண்முன் ருசி மாறுகிறது! அறிக்கைக்கு நாற்பது ஸ்லைடு.

கத்தரி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார், எங்கே பார்த்தாய் என்று. சொன்னேன். மறுநாள் மதியம் என்னை அழைத்துக்கொண்டு கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் போய், ஓர் அரசுக் கடைக்கு எதிரே, பிரியாணிக் கடை நிழலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார். கம்பி வலைக்குள் கையை விட்டு ஒருவர் ஒரு பெயரைச் சொன்னார். இல்லை என்றார்கள். இன்னொரு பெயரைச் சொன்னார். அதுவும் இல்லை.

"அப்ப எது கீதோ அத்த குடுபா" என்றார் அவர்.

அந்த ஒரு மணி நேரத்தில் அந்த வாக்கியத்தை எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். கத்தரி பிரியாணியை மென்றபடி சொன்னது இதுதான்: மக்கள் விரும்புகிறார்கள் என்று எழுதுவதற்கு முன், வேறொன்றைத் தேர்ந்தெடுக்கிற நிலையில் அவர்கள் இருந்தார்களா என்று பார். நாற்பது ஸ்லைடும் போயிற்று. அப்போது அது சந்தைப் பாடம் என்றுதான் நினைத்தேன். மனிதர்களுக்கும் பொருந்தும் என்று புரிய எனக்கு இன்னும் நாலு வருஷம் ஆயிற்று.

அந்த நாலாவது வருஷத்தில்தான் ஜீரோ வந்தது.

உங்களுக்கு அது இன்று பழகிய பொருள். சூப்பர் மார்க்கெட்டில் மோருக்கும் இளநீருக்கும் நடுவே அடுக்கியிருக்கிறது. ஆனால் அன்று எங்களுக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஆல்கஹால் இல்லாத பியர். அதே வாசம், அதே கசப்பு, அதே நுரை, சரக்கு மட்டும் பூஜ்ஜியம். இளைஞர்கள் குடியைக் குறைக்கிறார்கள், மறுநாள் காலை ஓடப் போகிறார்கள், உடம்பைப் பார்க்கிறார்கள் என்று உலகமெங்கும் பேச்சு. அதற்குப் பதில் இந்த டப்பா. எல்லாவற்றுக்கும் மேலாக, இதை விளம்பரம் செய்யலாம்! சோடா வேஷம் வேண்டாம், தம்ளர் வேஷம் வேண்டாம். பொருளைப் பகல் வெளிச்சத்தில் காட்டி, இதோ இதைத்தான் விற்கிறேன் என்று சொல்லலாம். என் அம்மா பார்க்கிற மாதிரி ஒரு விளம்பரம் எடுக்கலாம். நான் அந்த மாதம் சரியாகத் தூங்கவில்லை. சந்தோஷத்தில்.

இங்கே எத்திராஜ் அண்ணன் வருகிறார்.

கடைகளில் நம் குளிர்பெட்டிகளைப் பொருத்துகிற வேலை அவருடையது. கோடம்பாக்கத்துக்காரர். நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன் நம் கிடங்கில் சுமை ஏற்றி இறக்கும் மேற்பார்வையாளர். அங்கே இருந்த காலத்தில் முழுநேரக் குடிகாரர். அதை விட்டு நாலு வருஷம் ஆகப் போகிற சமயம். குடியை விட்டவர்கள் வாரந்தோறும் கூடிப் பேசுகிற ஒரு குழுவுக்குத் தவறாமல் போவார். அதை ஒளிக்கவும் மாட்டார், பெருமையடிக்கவும் மாட்டார். இந்தக் கட்டுரையை அவரிடம் படித்துக் காட்டித்தான் அனுமதி வாங்கினேன். "மது அடிமைத்தனத்துக்கு ஆளாகியிருந்தவர்" என்று எழுதியிருந்தேன். "குடிகாரன்னே போடு மேடம், படிக்கிறவனுக்கு மூச்சு வாங்கும்" என்றார். போட்டுவிட்டேன்.

ஒரு நாள் அலுவலகத்தில் புதுப் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஒரு ஜீரோ டப்பாவை உடைத்தேன். டிஸ்க் என்று அந்தச் சத்தம். அவர் கை அப்படியே நின்றது.

"இந்தச் சத்தத்த கேட்டு நாலு வருசம் ஆவுது மேடம். சரக்குகூட மறந்து போச்சு. இந்தச் சத்தம் மட்டும் எங்கியோ கீது" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேனா எடுத்து உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டேன். இதற்கு மேல் என்ன வேண்டும்? குடியை விட்ட ஒரு மனிதர், நண்பர்களோடு மறுபடி உட்கார்ந்து, பயமில்லாமல் ஒரு டப்பாவை உடைக்கிறார். உண்மையான மனிதர், உண்மையான வார்த்தை. இதைவிடப் பொறுப்பான மார்க்கெட்டிங் உலகத்தில் உண்டா! அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அவரிடம் கேட்டேன். அதில் துளிகூடச் சரக்கு இல்லையே என்று இரண்டு முறை கேட்டார். ஆய்வக அறிக்கையைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்தார். திருவல்லிக்கேணியில் அவர் மச்சான் ஒருவர் இருக்கிறார். எத்திராஜ் குடியை விட்டதை இன்றுவரை நம்பாதவர், கல்யாணங்களில் வேண்டுமென்றே அவர் வாயை மோந்து பார்ப்பவர். "படத்துல வந்துட்டா அவன் நம்பித்தான ஆவணும்" என்றார் எத்திராஜ். அந்த ஒரு காரணத்துக்காகச் சரி என்றார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஸ்கிரிப்ட் கத்தரியிடம் போயிற்று. எதையும் வெட்டாமல் திரும்பி வந்தது. அதுவே ஓர் அதிசயம். ஓரத்தில் மட்டும் ஒரு கேள்வி: இவர் எத்தனை தடவை குடிக்க வேண்டியிருக்கும்?

"ஒரே தடவை. ஒரு மடக்கு. ஸ்கிரிப்டைப் படிக்கவும்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகமும் போட்டு அனுப்பினேன். ஒன்று என்றால் சரி என்று பதில் வந்தது.

இந்தத் தப்பை நம் தொழில்காரர் மட்டும்தான் செய்ய முடியும். காகிதத்தில் ஒரு மடக்கு என்று எழுதிவிட்டு, அதை நம்புவது.

கோடம்பாக்கத்தில் சின்ன ஷூட்டிங் ஃப்ளோர் ஒன்றை அரை நாளைக்கு எடுத்திருந்தோம். மொட்டைமாடி மாதிரி செட். நாலு பேர் கிரிக்கெட் பார்க்கிறார்கள். மூன்று பேர் நடிகர்கள், கையில் பியர் என்று யாரும் சொல்லாத பொன்னிறத் தம்ளர். நாலாவது எத்திராஜ் அண்ணன், கையில் ஜீரோ. டப்பாவை உடைக்க வேண்டும், ஒரு மடக்கு குடிக்க வேண்டும், அந்தச் சத்தத்தைப் பற்றிய வரியைச் சொல்ல வேண்டும். இருபது விநாடி.

உங்களுக்குத் தெரியாத ஒன்று: சாப்பாடு, பானம் எந்த விளம்பரத்திலும் நடிப்பவர் விழுங்க மாட்டார். கேமராவுக்குத் தெரியாமல் காலடியில் ஒரு பக்கெட் இருக்கும். கட் என்றதும் துப்பிவிடுவார். இல்லாவிட்டால் வயிறு தாங்காது. எத்திராஜ் அண்ணனிடமும் அதைச் சொல்லிப் பக்கெட்டைக் காட்டினார்கள்.

முதல் டேக்கில் நுரை வழிந்தது. இரண்டாவதில் ஒரு நடிகர் சிரித்துவிட்டார். மூன்றாவதில் வெளியே ஒரு லாரி ஹாரன். நாலில் எத்திராஜ் வரியை மறந்தார். ஐந்திலிருந்து பிடித்துக்கொண்டது. நான் மானிட்டருக்கு முன்னால் உட்காரவே இல்லை, குதித்துக்கொண்டிருந்தேன். ஆறு அருமை, ஏழு அதைவிட அருமை. எட்டாவது முடிந்ததும் டைரக்டர் ஓகே என்றார். ஃப்ளோர் முழுக்கக் கை தட்டினார்கள். தொழில்முறை நடிகர்கள்கூட எழுந்து நின்று தட்டினார்கள்.

"இன்னொரு தபா போலாம் சார்" என்றார் எத்திராஜ்.

டைரக்டருக்குச் சந்தோஷம். எனக்கு அதைவிட. எவ்வளவு ஈடுபாடு பாருங்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். ஒன்பதாவது டேக் போனோம்.

அந்த ஒன்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டப்பா உடைகிற சத்தத்தில் அவர் கண் ஒரு நொடி மூடுகிறது. குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்குகிறது. வரியை அவர் கேமராவுக்குச் சொல்லவில்லை, டப்பாவுக்குச் சொன்னார். நான் எட்டு வருஷத்தில் பார்த்த எந்த விளம்பரத்திலும் அப்படி ஒரு முகம் இல்லை. எனக்கு அழுகை வந்தது, நிஜமாகவே.

கட் சொன்னார்கள். செட் உதவியாளர் ஒருவர் வந்து பக்கெட்டைத் தூக்கினார். ஒரே விரலில் மாட்டி, ஆட்டிக்கொண்டு போனார். கனமே இல்லை. என்னைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு உள்ளங்கை அளவு. முதல் இரண்டு டேக்குக்கே அதைவிட அதிகம் இருந்திருக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தேன். எத்திராஜ் காலி டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, நாக்கில் கடைசிச் சொட்டு விழக் காத்திருந்தார். அப்புறம் பக்கத்து நடிகரின் தம்ளரைப் பார்த்தார்.

"அதுல இன்னா நைனா ஊத்திகீறாங்க?"

"ஆப்பிள் ஜூஸ்ணா."

"அவ்ளோதானா" என்றார். அந்த ஏமாற்றத்தை என்னால் எழுத முடியாது.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போதுமா அண்ணா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு டேக் இருக்கிறதா என்றார். இல்லை, முடிந்தது என்றேன்.

"முடிக்காத மேடம். இது முடிஞ்சா நான் எழுந்துக்கணும். எழுந்தா வெளிய போவணும். வெளிய லெஃப்டுல கட கீது. காலைல வரும்போதே பாத்துட்டேன்."

அவ்வளவு சத்தத்திலும் வெளிச்சத்திலும் எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் கேட்டது, லெஃப்ட். அவருடைய நாலு வருஷமும் அந்தத் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தது, அங்கே கொண்டுபோய் நிறுத்தியவள் நான்.

டைரக்டருக்கு இன்னும் இரண்டு க்ளோஸ்-அப் வேண்டும். கையும் டப்பாவும், உதடும் டப்பாவும். ஃப்ளோருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி. வியாழக்கிழமை அறிமுகம். எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இந்த மாதிரி நேரத்தில் யோசித்து முடிவெடுப்பார்கள் என்று புத்தகத்தில் இருக்கும். நான் யோசிக்கவில்லை. பேக்கப் என்று கத்தினேன். அதைச் சொல்கிற அதிகாரம் எனக்கு இல்லை. டைரக்டர் திகைப்பிலிருந்து மீள்வதற்குள் எத்திராஜ் அண்ணன் கையைப் பிடித்து வெளியே வந்து, வலது பக்கம் போகிற ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

மணி பன்னிரண்டு. அவருடைய குழு கூடுவது மாலை ஆறுக்கு. குழுவில் அவருக்குத் துணை நிற்கும் நண்பரை ஆட்டோவிலிருந்தே கூப்பிட்டார். அவர் செங்கல்பட்டில் இருந்தார், ஆறுக்கு நேராக அங்கேயே வந்துவிடுவதாகச் சொன்னார். எத்திராஜின் மனைவி ஜவுளிக்கடையில் வேலை. வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அவளுக்கு நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். ஆக ஆறு மணி நேரம். இந்த நகரத்தில் ஒரு குடிகாரரோடு ஆறு மணி நேரம் எங்கே போவீர்கள்? யோசித்துப் பாருங்கள். எந்தத் தெருவில் கடை இல்லை என்று கண்டுபிடிப்பது சந்தை ஆய்வே பிழைப்பாக இருந்த எனக்கே கஷ்டம்.

கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போனோம். உள்ளே நுழைந்துவிட்டால் மானும் முதலையும்தான்.

கத்தரிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். நான் எழுதி அனுப்பிய ஒரு மடக்கையும் சொன்னேன். அவர் எதுவும் திட்டவில்லை. அரை மணியில், முழுக்கைச் சட்டையும் லேப்டாப் பையுமாக, டிக்கெட் வாங்கிக்கொண்டு பூங்காவுக்குள் வந்துவிட்டார். மூன்று பேருக்கும் தயிர்சாதப் பொட்டலம் வேறு.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஹெட் அழைத்தார். பெங்களூரில் இருப்பவர், ஜீரோவுக்குப் பொறுப்பானவர். அதற்குள் டைரக்டர் ஒன்பதாவது டேக்கை அவருக்கு அனுப்பியிருந்தார். ஹெட் கோபமாக இல்லை, அதுதான் ஆபத்து. பரவசமாக இருந்தார். க்ளோஸ்-அப் எதுவும் வேண்டாம், இந்த ஒரு ஷாட்டே போதும், அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஓய்வு எடுக்கட்டும், கையெழுத்துதான் இருக்கிறதே என்றார்.

"அதப் போட முடியாது" என்றேன்.

"ஏன்? இவ்ளோ நல்லா வந்திருக்கே."

"நல்லா வந்திருக்கிறதாலதான். அது நடிப்பில்ல."

நான் தொடர்ந்தேன். அந்த முகத்தில் தெரிவது நிம்மதி இல்லை, தாகம் என்றேன். அதைப் பார்க்கிற சாதாரண ஆளுக்கு டப்பா பிடிக்கும். குடியை விட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவர் பார்த்தால், எழுந்து நிற்பார். எழுந்தவர் சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போவார் என்று என்ன நிச்சயம் என்றேன். ஹெட் கடைசியில், சட்டப்பிரிவு தடுத்தால் மட்டும் நிறுத்துகிறேன், இல்லாவிட்டால் வியாழக்கிழமை இது போகும் என்றார்.

கத்தரி தயிர்சாதத்தை ஓரமாக வைத்து, கையைக் கழுவி வந்து, லேப்டாப்பைத் திறந்தார். ஆனால் உடனே எழுதவில்லை. முதலைக் குளத்துக் கம்பியில் சாய்ந்திருந்த எத்திராஜிடம் போனார். நானும் போனேன்.

"படம் உங்க மூஞ்சி. உங்க மச்சான் பாக்கணும்னு ஆசப்பட்டீங்க. நாங்க நிறுத்தினா அது போயிடும். நீங்க சொல்லுங்க" என்றார் கத்தரி.

எத்திராஜ் முதலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததிலிருந்து அது அசையவில்லை.

"அவன் நம்பணும்னு போனேன் சார். அத்தப் பாத்தா அவன் நம்ப மாட்டான். அவனுக்கு என் மூஞ்சி தெரியும்" என்றார்.

கத்தரி அனுமதி இல்லை என்று எழுதினார். எத்தனையோ தடவை அந்த வார்த்தையை அவர் என் வரிகளுக்குக் கீழே எழுதி, நான் அவரைச் சபித்திருக்கிறேன். அன்று அவருக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

ஜீரோ அந்தப் படமில்லாமல் வந்தது. வெள்ளைப் பின்னணியில் ஒரு டப்பா, அவ்வளவுதான். அம்மா அதை டிவியில் பார்த்துவிட்டு, ஜூஸ் நல்லா இருக்கும் போலிருக்கே என்றாள். எனக்கு அந்த வருஷம் கிடைக்க வேண்டிய உயர்வு கிடைக்கவில்லை. படம் போயிருந்தால் எவ்வளவு விற்றிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது, என்னைக் கேட்காதீர்கள். திங்கட்கிழமை உங்களிடம் ஒரு கோப்பு தருவார்கள். அதில் விதிகள் இருக்கும். குடியை விட்டவர்களை நோக்கி ஜீரோவை விற்கக் கூடாது, அவர்களை அதன் முகமாகக் காட்டக் கூடாது என்று ஒன்று. யார் எழுதியது, எதற்காக என்று அதில் இருக்காது. சந்தை மாறிக்கொண்டே இருக்கிறது, தினம் ஒரு புதுப் பானம் வருகிறது, நீங்களும் என்னை மாதிரி குதிப்பீர்கள். குதியுங்கள், குதிக்கத் தெரியாதவர்களுக்கு இந்த வேலை எதற்கு! குதிக்கிறபோது காலடியில் இருக்கும் பக்கெட்டை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

அன்று மாலை ஐந்தரை மணிக்குப் பூங்காவிலிருந்து கிளம்பினோம். குழு கூடும் இடம் மயிலாப்பூரில் என்றுதான் சொல்லியிருந்தார். ஆட்டோ போய் நின்றது எங்கள் பங்குக் கோயில் வளாகத்தில்! நான் ஞாயிறுதோறும் மறைக்கல்வி படித்த அறை. சுவரில் பிள்ளைகள் வரைந்த நோவாவின் பேழை. அதே சின்ன நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்று வெளியாட்களும் வரலாம் என்கிற நாள். எத்திராஜ் எங்கள் இருவரையும் உள்ளே வரச் சொன்னார். செங்கல்பட்டு நண்பர் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒவ்வொருவராக எழுந்து பெயரையும், குடிக்காமல் எத்தனை நாள் என்பதையும் சொன்னார்கள். அங்கே அதுதான் வழக்கம். எத்திராஜ் முறை வந்தது. எழுந்தார். பெயரைச் சொன்னார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்: சரக்கில்லாத டப்பா, ஒன்பது தடவை, துப்பாமல் விழுங்கியது, லெஃப்டில் இருந்த கடை. என் பேரைச் சொல்லவில்லை. அப்புறம்,

"இன்னிக்கு எனக்கு மொத நாள்" என்றார்.

அறையில் சலசலப்பு. கதவோரம் உட்கார்ந்திருந்த ஆட்டோ சீருடைக்காரர் எழுந்தேவிட்டார். "யோவ் எத்திராசு, அதுல சரக்கே இல்லன்றியே. அப்பறம் எதுக்கு நைனா நாலு வருசத்த வுட்ற?"

எனக்கும் அதுதான் வாயில் வந்தது. ஆய்வக அறிக்கை பையிலேயே இருந்தது. பூஜ்ஜியம் என்று போட்டிருக்கிறது, எடுத்துக் காட்டட்டுமா என்று எழுந்திருக்கப் போனேன். கத்தரி என் துப்பட்டா நுனியைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எட்டு வரைக்கும் அவங்க சொன்னாங்க, நான் குடிச்சேன்" என்றார் எத்திராஜ். "ஒன்பதாவது நானே கேட்டேன். டப்பாக்குள்ள இன்னா இருந்துச்சுன்றது கம்பெனி கணக்கு. கேட்டவன் கணக்கு வேற."

ஆட்டோக்காரர்தான் முதலில் கை தட்டினார். அப்புறம் அறை முழுக்க. அந்தக் குழுவில் பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்று சொன்னவர்களுக்குக்கூட அவ்வளவு தட்டவில்லை. பக்கத்திலிருந்த பெண்மணியிடம் ஏன் என்று கேட்டேன். இங்கே எப்போதும் முதல் நாள்காரருக்குத்தான் அதிகம் தட்டுவோம் என்றார்.

நானும் கத்தரியும் கை வலிக்கத் தட்டினோம்.